முதல் வாள் எது? பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பழைய வாள்கள்: ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் நான்கைந்து வாசகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கையில் ஐந்நூறு பவுண்டு அளவில் பணம் இருக்கிறது, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவரின் பழைய வாளை வாங்க ஆசை, ஆனால் நெப்போலியன் காலத்து வாளா, விக்டோரியா காலத்து வாளா, முதல் உலகப் போர் வாளா என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாதாரணச் சிப்பாயின் வாள் அரசாங்கச் சொத்து. ஆயுதக் கிடங்கிலிருந்து வாங்குவார், திருப்பிக் கொடுப்பார். அதிகாரியோ தன் வாளைத் தன் சொந்தக் காசில் வாங்கினார். வாள் இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்று ராணுவ ஒழுங்குமுறை சொல்லும். அந்த வடிவைத்தான் ‘மாதிரி’ என்பார்கள், அது வந்த ஆண்டே அதன் பெயர். அதை எந்தக் கடையில், எந்தத் தரத்தில், என்ன விலைக்கு வாங்குவது என்பது அவர் பாடு. வசதியுள்ளவர் லண்டன் பால் மால் தெருவில் இருந்த வில்கின்சன் கடைக்குப் போனார். கையைக் கடிக்கும் நிலையில் இருந்தவர், சீருடை தைத்த தையற்காரர் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வரவழைத்து வைத்திருந்த வாளையே எடுத்துக்கொண்டார். அதனால் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு வாள்களில் ஒன்று அருமையான எஃகாகவும் இன்னொன்று அணிவகுப்புக்கு மட்டுமே ஆகிற தகடாகவும் இருக்கும்.

இந்த வாள்களின் மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்கும் அதுதான் காரணம். ஒவ்வொன்றின் பின்னாலும் கடைக்குப் போய், பேரம் பேசி, பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கச் சொன்ன ஒரு மனிதன் இருக்கிறான். அந்த மனிதனுக்கு எவ்வளவு அருகில் போக முடிகிறது என்பதை வைத்தே நான் வாளை மதிப்பிடுகிறேன். கீழே வருகிற ஒப்பீடும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோலை மேலேயே சொல்லிவிட்டேன்: வாளை வாங்கியவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? வரிசை எண், முதலெழுத்துகள், குடும்பச் சின்னம், கடை முகவரி என்று ஏதாவது ஒரு நூல்முனை கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, ஏமாறும் ஆபத்து. முழுப் போலியைவிட, ஓர் அலகையும் வேறொரு வாளின் பிடியையும் சேர்த்து ஒட்டியதுதான் அதிகம் கண்ணில் படும். உடைந்த முனையைத் தேய்த்துச் சரிசெய்தது, பிற்காலத்தில் சேர்த்த பொன் வேலை, புதிதாகப் பொறித்த பெயர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மூன்றாவது, இப்போதைய நிலை. துரு இருக்கலாம், தவறில்லை. இயந்திரச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றியிருந்தால் அது மீளாத இழப்பு. அமிலத்தால் பொறித்த வேலைப்பாடு தலைமுடி அளவு ஆழம்தான் இருக்கும். ஒருமுறை பஃப் போட்டால் பாதி போய்விடும், அதோடு வரிசை எண்ணும் முதலெழுத்துகளும் போகும். கண்ணாடி மாதிரி மின்னும் விக்டோரியா கால வாளைவிட, பழுப்பேறி, எழுத்து தெளிவாகத் தெரியும் வாளுக்கே என் ஓட்டு.

நான்காவது, வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பது. விலைச்சீட்டில் இருப்பது பாதிக் கதைதான். அதைப் பின்னால் பார்க்கலாம்.

1796 மாதிரி காலாட்படை வாள்

ஸ்பெயின், போர்ச்சுகல் மண்ணில் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக நடந்த ஐபீரியப் போரிலும் 1815இல் வாட்டர்லூவிலும் காலாட்படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் இதுதான். நேரான, மெல்லிய, ஒருபக்கக் கூருள்ள அலகு, ஏறக்குறைய 81 சென்டிமீட்டர் நீளம். வெள்ளிக் கம்பி சுற்றிய பிடி, பொன்முலாம் பூசிய பித்தளைக் கைக்காப்பு, அதன் அடியில் சிப்பி போன்ற இரண்டு தட்டுகள். பார்க்க மிக அழகு. சண்டைக்குப் போதாது என்று அந்தக் காலத்து அதிகாரிகளே குறைப்பட்டுக்கொண்டார்கள். வெட்டவும் சரிவராது, குத்தவும் சரிவராது, கைக்காப்போ லேசாக அடித்தால் வளையும்.

வாட்டர்லூ என்ற ஒரு சொல்லுக்காகவே பலர் இதை முதல் வாளாக வாங்க நினைக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் இது பெரும்பாலும் ஊமை வாள். பெரும்பாலானவற்றில் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர். முத்திரை, அரச சின்னம், போர்க்கருவிகளின் படம் இவ்வளவுதான் இருக்கும். அலகின் முதுகில் ரன்கெல் என்ற பெயரும் சோலிங்கன் என்ற ஊரும் இருந்தால், ஜெர்மன் அலகுகளை இறக்குமதி செய்த வியாபாரி யார் என்று தெரியும். யார் இடுப்பில் இருந்தது என்பது தெரியாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே உறையில் இருக்கிறது. தோல் உறை இருநூறு ஆண்டுகளில் சுருங்கி, நடுவில் முறிந்து, பல வாள்களில் காணாமலே போயிருக்கும். உறையோடு வருவதற்கும் உறையில்லாமல் வருவதற்கும் விலை வித்தியாசம் பெரியது. அடுத்தது நீலமும் பொன்னும். அலகின் பாதிவரை நீலம் ஏற்றி அதன்மேல் பொன் வேலை செய்வது அந்தக் கால வழக்கம். அது நன்றாக மிஞ்சியிருந்தால் விலை இரண்டு மூன்று மடங்காகும். அதனாலேயே பின்னாளில் புதுப்பிக்கப்பட்டவை நிறைய உலவுகின்றன. பிடிக்கு அருகே, கை அதிகம் படும் இடத்தில், நீலம் ஒரே சீராக, எங்கும் மங்காமல் இருந்தால் யோசியுங்கள். துருப்பிடித்த குழிகளுக்குள்ளும் நீலம் இறங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பிந்தைய வேலை.

எப்போது இது சரி? நெப்போலியன் காலத்தைத் தவிர வேறெதிலும் மனம் போகாது என்றால் வாங்குங்கள். உறையில்லாத, நீலம் போன, ஆனால் கைக்காப்பு முழுசாக இருக்கிற நேர்மையான ஒன்று ஐந்நூறு பவுண்டுக்குள் அமைய வாய்ப்புண்டு.

வளைந்த வாள்கள்: 1803 மாதிரியும் குதிரைப்படை வாளும்

1803 மாதிரி, காலாட்படை வரிசையின் இரு ஓரங்களில் நின்ற கம்பெனிகளை (சிறு படைப் பிரிவுகளை) நடத்திய அதிகாரிகளுக்கானது. சிங்கத் தலைக் குமிழ், கைக்காப்பில் கிரீடத்தோடு ஜி.ஆர். எழுத்து, கிரெனடியர் கம்பெனியானால் வெடிகுண்டுச் சின்னம், லைட் கம்பெனியானால் ஊதுகொம்பு. 1796 இலகு குதிரைப்படை வாள், ஜான் கஸ்பார் லெ மார்ச்சண்ட் வடிவமைத்தது. வாள்வீச்சைக் குதிரைப்படைக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1812இல் ஸ்பெயினின் சலமாங்காவில் குதிரைப்படைத் தாக்குதலை நடத்தும்போதே இறந்தார்.

இரண்டும் அற்புதமான வாள்கள். இரண்டும் முதல் வாளுக்கு வேண்டாம் என்பேன். தேவை அதிகம், வரத்து குறைவு, அதனால் ஒட்டுவேலைகளும் அதிகம். குதிரைப்படையில் சிப்பாயின் வாளும் அதிகாரியின் வாளும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும். சிப்பாயின் வாளைத் தேய்த்து, பொறித்து, அதிகாரியுடையதாக விற்பதும் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு உண்மையான வாள்களைக் கையில் பிடித்துப் பழகிய பிறகு இங்கே வாருங்கள்.

1822, 1845: விக்டோரியா காலத்துக் காலாட்படை வாள்

என் மனம் அதிகம் நிற்கும் இடம் இது. கைக்காப்பின் வளைந்த கம்பிகள் பழைய தேவாலயச் சன்னலை நினைவூட்டுவதால் இதை கோதிக் பிடி என்பார்கள். பொன்முலாம் பூசிய பித்தளை, நடுவே வட்டத்துக்குள் அரசியின் முத்திரை எழுத்து, மீன்தோல் போர்த்திய பிடி, அதன்மேல் முறுக்கிய கம்பி. 1822இல் வந்தபோது அலகின் முதுகில் குழல்போல உருண்ட தண்டு ஒன்று ஓடியது. அது வெட்டு ஆழமாக இறங்குவதைத் தடுத்தது. 1845இல் ஹென்றி வில்கின்சன் வடிவமைத்த, பக்கவாட்டில் அகலமான பள்ளம் ஓடும் அலகு அதன் இடத்தைப் பிடித்தது. கிரிமியப் போர், 1857 கிளர்ச்சி, ஆப்கன், ஆப்பிரிக்கப் போர்கள் என்று விக்டோரியா காலம் முழுக்க இந்தக் குடும்பம்தான். 1892இல் அலகு நேரான, குத்துவதற்கு மட்டுமான ஒன்றாக மாறியது. 1895இல் பித்தளைப் பிடியும் போய் எஃகு வந்தது. அந்த மூன்றே ஆண்டில் விற்ற பழைய பிடி, புது அலகு வாள்கள் தனி ருசி.

காலம் கணிக்கச் சின்னச் சின்னத் தடயங்கள் இதில் நிறைய. கைக்காப்பின் உள்பக்கத்தில் கீல் வைத்து மடங்கும் சிறு தகடு இருந்தால், அது ஏறக்குறைய 1854க்கு முந்தைய வாள். இடுப்பில் உரசாமல் தொங்கவே அந்த மடிப்பு. முத்திரையில் அரசியின் வி.ஆர். எழுத்துக்குப் பதிலாகக் கிரீடத்தைப் பிடித்தபடி நிற்கும் சிங்கம் இருந்தால், அது கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரியின் வாள். சென்னை, வங்காளம், பம்பாய் என்று கம்பெனி வைத்திருந்த மூன்று படைகளில் ஒன்றில் பணியாற்றியவருடையது. 1858இல் ஆட்சி அரசியின் கைக்கு மாறியதால் அந்தச் சிங்கத்துக்கு ஒரு கால எல்லையும் உண்டு. சென்னைப் படையில் இருந்தவர் என்று தெரியவந்தால் தமிழ் வாசகருக்கு அந்த வாள் இன்னும் நெருக்கமாகும். அவர் தங்கிய கன்டோன்மென்ட் நமக்குத் தெரிந்த ஊராகக்கூட இருக்கலாம். கம்பெனி அதிகாரிகளின் சேவைப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் இருக்கின்றன.

இனி வில்கின்சன் எண். 1854 முதல் அந்த நிறுவனம் தன் தரமான அதிகாரி வாள்களின் முதுகில், கைக்காப்பை ஒட்டி, வரிசை எண் பொறித்தது. எண்களுக்கான பதிவேடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் வாள் எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது, என்ன அளவு அலகு, பல வேளைகளில் யாருக்கு விற்கப்பட்டது என்பதுவரை தெரியவரும். வேறொரு கடைக்கு மொத்தமாகப் போனதானால் பெயருக்குப் பதில் கடைப் பெயர்தான் கிடைக்கும். எண்ணே இல்லாத வில்கின்சனும் உண்டு, அது மலிவு ரகம். எண்ணுக்காகவே விலை கூடும் என்பதால், எண் இருக்கிறதா என்று வாங்கும் முன் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய பின் தேட வேண்டாம்.

அலகின் அடியில் பதித்த சிறு பித்தளை வட்டத்தில் ‘புரூவ்டு’ (சோதிக்கப்பட்டது) என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். வில்கின்சன் உண்மையிலேயே வளைத்து, அடித்துச் சோதித்த பிறகு அதைப் பதித்தது. மற்றவர்களும் அதே மாதிரி வட்டத்தைப் பதித்தார்கள், சுமாரான சோலிங்கன் அலகிலும் அது இருக்கும்.

எண் இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது. அலகில் ஒரு சிறு கட்டத்துக்குள் முதலெழுத்துகளோ குடும்பச் சின்னமோ இருக்கும். கூடவே கடையின் பெயரும் தெருவும். கடைகள் அடிக்கடி முகவரி மாற்றியதால், பழைய லண்டன் வணிக முகவரிப் புத்தகங்களை வைத்தே வாள் எந்த ஆண்டுகளுக்குள் விற்றது என்று நெருங்கிவிடலாம். அப்புறம் ஆண்டுதோறும் வந்த ராணுவப் பட்டியல்களை எடுத்து, அந்த ஆண்டுகளில், அந்த முதலெழுத்துகளோடு யார் இருந்தார் என்று பார்ப்பது. இந்தப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதிகாரிகளின் நியமனங்கள் வெளியான அரசிதழ் லண்டன் கெசட்டும் இலவசம். இரவு பதினொரு மணிக்கு அடுக்களை மேசையில் உட்கார்ந்து ஒரு பெயரைக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி, வாளை வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. பித்தளைக் கைக்காப்பு வளைந்திருக்கும், கம்பி இணைப்பில் விரிசல் இருக்கும். பொன்முலாம் பெரும்பாலும் போயிருக்கும், அது போகட்டும். இன்னொன்று, விருந்துக்கும் அரசவை நிகழ்ச்சிக்கும் அணிய மெல்லிய, அகலம் குறைந்த அலகோடு செய்த வாள்கள் ஏராளம். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கைக்காப்புக்கு அருகே அலகின் அகலத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். 25ஐ விட மிகக் குறைவானால் அது அணிகலன் ரகம்.

1821: மூன்று கம்பிப் பிடி

எஃகில் செய்த மூன்று வளைகம்பிகள் கையைக் காக்கும், சற்றே வளைந்த, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அலகு. இலகு குதிரைப்படைக்காக வந்தது. பீரங்கிப் படை அதிகாரிகளும் இதே பிடியை ஏற்றுக்கொண்டார்கள், இன்றும் ராயல் ஆர்டிலரி அதிகாரிகளின் வாள் இதே வடிவம்தான்.

சிக்கலும் இங்கேதான். பிடி ஒன்றே என்பதால் விற்பவர்கள் எல்லாவற்றையும் குதிரைப்படை வாள் என்று எழுதிவிடுகிறார்கள். குதிரைப்படைக்கு ஒரு விலை, பீரங்கிப் படைக்கு ஒரு விலை. என் இரண்டாவது வாளை ஒரு சிற்றூர் ஏலத்தில் கிரிமியப் போர்க் குதிரைப்படை அதிகாரியுடையது என்ற விவரத்தை நம்பி எடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டு மெதுவாகத் துடைத்தபோது அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு பீரங்கியும் ‘யுபிக்வே’ என்ற லத்தீன் சொல்லும் எழுந்து வந்தன. ‘எங்கும்’ என்று பொருள்படும் அது ராயல் ஆர்டிலரியின் முழக்கம். கடை முகவரியைத் தேடினால் கிரிமியப் போர் முடிந்து பல ஆண்டு கழித்து அந்தக் கடை அங்கே வந்திருந்தது. கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கிரிமியா, குதிரைப்படை என்ற இரண்டு சொற்களுக்காகக் கொடுத்தது. வருத்தமாக இருந்தது. ஆனாலும் வாளை விற்கவில்லை. முதலெழுத்துகளை வைத்து மூன்று லெப்டினன்ட்கள்வரை வந்து நிற்கிறேன்.

பீரங்கிப் படை வாள் என்று தெரிந்தே, அதற்குரிய விலைக்கு வாங்கினால் இது மிக நல்ல தேர்வு. எஃகுப் பிடி, எஃகு உறை, இரண்டும் பித்தளையையும் தோலையும்விட நன்றாகக் காலத்தைத் தாங்கியிருக்கும். கையில் எடுத்தால் நிஜமான ஆயுதம் என்ற உணர்வு வரும். வில்கின்சன் எண்ணும் இதில் கிடைக்கும்.

1897: முதல் உலகப் போர் வாள்

1895இல் வந்த, முத்திரை எழுத்தை வெட்டிக் குடைந்த எஃகுக் கிண்ணக் கைக்காப்பு அதிகாரியின் சீருடையில் உரசித் துணியைக் கிழித்தது. உள் ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்கி 1897இல் சரிசெய்தார்கள். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி இன்றுவரை அணிவகுப்பில் ஏந்துவது இதைத்தான். நேரான அலகு, 82.5 சென்டிமீட்டர், குத்துவதற்கு மட்டும்.

மலிவு, ஏராளம், வகை பிரித்துப் படிக்க எளிது. கைக்காப்பில் வி.ஆர். இருந்தால் 1901க்குள், எட்வர்டின் எழுத்து இருந்தால் 1901 முதல் 1910 வரை, ஜார்ஜ் ஐந்து என்றால் 1910 முதல் 1936 வரை. ஜார்ஜ் ஐந்து வாள்களே மிகுதி, பெரும்பாலும் சில நூறு பவுண்டுக்குள் முடியும்.

போர்க்களத்தில் இதன் ஆயுள் சில வாரம்தான். 1914 ஆகஸ்டில் கூர்தீட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போன வாள்கள், தூரத்திலிருந்தே அதிகாரியைக் காட்டிக்கொடுத்ததால் சீக்கிரமே கைவிடப்பட்டன. பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான பெர்னார்ட் மான்ட்கோமரி, அந்த அக்டோபரில் மெட்டெரன் கிராமத்தில் வாளை உருவிக்கொண்டு தன் ஆட்களோடு ஓடினார். எதிரே ஒரு ஜெர்மானியர் துப்பாக்கியைக் குறிபார்த்தபடி. வாளால் சல்யூட் அடிக்க மட்டுமே தனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய் வயிற்றில் உதைத்து அந்த ஆளைச் சிறைபிடித்தார். அதே நாளில் நெஞ்சில் குண்டடியும் பட்டார்.

ஆளைக் கண்டுபிடிப்பதில் இது விக்டோரியா வாளுக்குக் குறைந்ததல்ல. லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 339, டபிள்யூ.ஓ. 374 என்ற தொகுதிகளில் முதல் உலகப் போர் அதிகாரிகளின் கோப்புகள் உள்ளன. முதலெழுத்துகளிலிருந்து பெயருக்கும், பெயரிலிருந்து கோப்புக்கும் போய்விட்டால், அவரைப் பற்றிய கடிதப் போக்குவரத்துவரை கையில் கிடைக்கலாம்.

இந்த வாளின் குறை, அதன் வரத்தேதான். சாதாரண நிலையில் இருப்பதைத் திருப்பி விற்றால் போட்ட காசு வராது. நிக்கல் பூச்சு உரிந்து கொப்புளித்தவற்றையும், பின்னாளில் புதுப்பூச்சு அடித்தவற்றையும் விட்டுவிடுங்கள். பிரவுன் நிறத் தோல் உறையோடு, அலகு கூர்தீட்டப்பட்டு, முதலெழுத்துகளோடு வந்தால் தயங்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| மாதிரி | வரத்து | ஆளைத் தேட வழி | ஏமாறும் ஆபத்து | கவனிக்க வேண்டிய செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| 1796 காலாட்படை | ஓரளவு | மிகக் குறைவு | நடுத்தரம் | உறை, பொய்யான நீலம் | நெப்போலியன் காலமே வேண்டும் என்பவருக்கு |
| 1803, 1796 குதிரைப்படை | குறைவு | குறைவு | அதிகம் | ஒட்டுவேலை | பழகிய கைகளுக்கு |
| 1822, 1845 காலாட்படை | நிறைய | மிக நன்று | குறைவு | மெல்லிய அலங்கார அலகு | தேடலில் ஆர்வமுள்ள புதியவருக்கு |
| 1821 மூன்று கம்பி | நிறைய | நன்று | பெயர் மாற்றி விற்பது | குதிரைப்படை என்ற பெயருக்கான கூடுதல் விலை | உறுதியான ஆயுதம் விரும்புபவருக்கு |
| 1897 காலாட்படை | மிக அதிகம் | மிக நன்று | குறைவு | மறுவிற்பனை இழப்பு, புதுப்பூச்சு | சிறு பட்ஜெட், முதல் உலகப் போர் ஆர்வம் |

தளபதிகளுக்கான 1831 மாதிரியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வளைந்த துருக்கி பாணிப் பிடியில் யானைத் தந்தம் பதித்தவை பல. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், சட்ட விலக்குப் பெற்றுப் பதிவு செய்யாமல் விற்கவோ வாங்கவோ முடியாது. இந்தியாவுக்குத் தந்தத்தைக் கொண்டுவருவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

ஏலத்தில் முந்நூறு பவுண்டுக்குச் சுத்தி விழுந்தால் முந்நூறு கொடுத்துவிட்டு வர முடியாது. வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்றால் 75, அந்தக் கட்டணத்தின்மேல் 20 சதவீத வாட் வரி 15, ஆக 390. இணையம் வழியாக ஏலம் கேட்டால் அதற்கும் தனியாகச் சில சதவீதம் பிடிப்பவர்கள் உண்டு. வாளை எடுத்துச்செல்ல மறுக்கும் கூரியர்கள் பலர், ஒப்புக்கொள்பவர்கள் கூடுதல் கேட்பார்கள். ஆக, முந்நூறு நானூற்று முப்பது ஆகிவிடும். அதே வாளைப் பெயர்பெற்ற வியாபாரி நானூற்று ஐம்பது சொன்னால் முகம் சுளிக்கிறோம். அவர் கையில் எடுத்துப் பார்த்து, விவரம் எழுதி, தவறானால் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார் என்றால் முதல் வாளுக்கு அவரே மேல். ஏலம், நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மட்டும்.

பராமரிப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு ஒரு சிறு டப்பா பல ஆண்டு வரும். பருத்திக் கையுறை வேண்டும், விரல் வியர்வையின் உப்பே எஃகுக்கு எமன். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வாளை அதற்குள் செருகி வைத்து மறந்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மீன்தோல் பிடி ஹீட்டருக்கு அருகே இருந்தால் சுருங்கிப் பிளக்கும்.

சட்டம்: பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களை விற்பதற்கு 2008 முதல் தடை இருக்கிறது. நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கு விலக்கு. விக்டோரியா காலத்து வாள் எல்லாம் அந்த விலக்குக்குள் வந்துவிடும். நூறாண்டுக்கு உட்பட்ட மூன்று கம்பிப் பிடி வாளானால் வேறு விலக்குகள் பொருந்துமா என்று விற்பவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வாளானாலும் சுற்றிக் கட்டி, பெட்டிக்குள் வைத்தே வெளியே எடுத்துப் போங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. 1959 ஆயுதச் சட்டத்தின் கண்ணில் வாளும் ஆயுதம்தான். பழம்பொருள் என்ற விலக்கு உங்கள் வாளுக்குப் பொருந்துமா என்பதைச் சுங்கத் துறையிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்ட பிறகே பெட்டி கட்டுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளே போன வாள் பிறகு லண்டன் ஏலத்துக்குத் திரும்பாது என்று நினைத்தே முடிவெடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் என்றாலும் உண்மையான உலோகம் எப்படி மூப்படைகிறது என்று அங்கே பார்த்துக் கண்ணைப் பழக்கலாம். லண்டனுக்கு வந்தால் செல்சியாவில் தேசிய ராணுவ அருங்காட்சியகம், வடக்கே லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ்.

சரி, என்னைக் கேட்டால்

ஐந்நூறு பவுண்டு, முதல் வாள், தனி ஆர்வம் எதுவும் இன்னும் இல்லை என்றால்: எண்ணுள்ள வில்கின்சன் 1845 காலாட்படை வாள், பொன்முலாம் போயிருந்தாலும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். அது அமையவில்லையானால் முதலெழுத்துகள் உள்ள ஜார்ஜ் ஐந்து 1897, மிச்சப் பணத்தைக் கியூ ஆவணக் காப்பகத்துக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் முந்நூறுக்குள் என்றால் நேராக 1897க்கே போய்விடலாம், காத்திருந்தால் நல்லது கிடைக்கும்.

அலகில் இருக்கும் வெட்டுக்காயங்களைக் காட்டி, போரில் எதிரியின் வாளோடு மோதியது என்று யாராவது சொன்னால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பாலான தழும்புகள், பரணிலிருந்து வாளை எடுத்து விளையாடிய பேரப்பிள்ளைகள் போட்டவை. அந்தக் கதை உண்மையென்றால் அதற்குக் கடிதமோ குடும்பப் பதிவோ இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேட்டு வாங்குங்கள்: கைக்காப்பின் உள்பக்கம், கைக்காப்பை ஒட்டிய அலகின் முதுகு, இரு பக்கத்துப் பொறிப்புகள் சாய்வான வெளிச்சத்தில், முனை, உறைக்குள் வாள் கடைசிவரை இறங்கி நிற்பது. முதுகுப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.